சரளை மேட்டுக் காவல்

மழை மூன்று மாதமாக எட்டிக்கூடப் பார்க்காத ஒரு காட்டில், ஓடைகள் எல்லாம் வற்றிப்போய் ஒரே ஒரு மடு மட்டும் மிஞ்சியிருந்தது. மடுவைச் சுற்றி மானின் கழுத்து உயரத்துக்குக் காய்ந்த புல். காற்று அடித்தால் அந்தப் புல் அசையும். காற்று அடிக்காதபோதும் சில சமயம் அசையும். அப்படி அசைந்தால் உள்ளே சிறுத்தை வருகிறது என்று பொருள்.

தண்ணீர் குடிக்கத் தலையைக் குனிந்த மிருகத்தால் சுற்றிலும் பார்க்க முடியாது. அதனால் அந்தக் காட்டு மிருகங்கள் மடுவுக்குக் காவல் வைத்திருந்தன.

கரையில் நின்ற மருத மரத்தின் உச்சியில் நெடுவாலி என்ற மந்தி உட்கார்ந்திருப்பாள். தூரத்தில் வருவதைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஆனால் மரத்திலிருந்து பார்த்தால் புல்லின் நுனிதான் தெரியும். புல்லின் அடியில் ஊர்ந்து வருவதைத் தரையில் நிற்பவர்தான் பார்க்க முடியும். அதற்காக, புல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த சரளை மேட்டில் மஞ்சள்காலி என்ற ஆள்காட்டிப் பறவை நிற்பாள். அவள் ஒரு தடவை கத்தினால் அடுத்த மலைச்சரிவு வரைக்கும் கேட்கும். மதியத்துக்கு மேல் அவளை அனுப்பிவிட்டு ஒரு கௌதாரி வந்து நிற்பான்.

இவர்களுக்கெல்லாம் தலைவர் கடம்பன் என்ற கடமான். நல்லவர்தான். ஆனால் வேலை நடக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, வேலை செய்கிறவரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

ஒருநாள் காலையில் புள்ளிமான் கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது புல்லுக்குள் சிறுத்தை வந்தது. மஞ்சள்காலி உரிய நேரத்தில் பார்த்துக் கத்தினாள். கூட்டம் முழுவதும் ஒரே பாய்ச்சலில் கரையேறி ஓடியது. ஒரு குட்டி மட்டும் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் ஓடி, பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தது.

அவ்வளவுதான். சரளை மேட்டுக்கு முன்னாலேயே, மஞ்சள்காலியின் கண்ணெதிரே, எல்லாம் முடிந்துபோயிற்று.

கடம்பன் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தார். "காவலில் குறை ஒன்றுமில்லை. நேரத்துக்குத்தான் கத்தியிருக்கிறாய். நாளையிலிருந்து எல்லோரும் இன்னும் கொஞ்சம் கவனமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் கௌதாரி வரவில்லை. கால் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லியனுப்பினான். மறுநாளும் வரவில்லை.

"பரவாயில்லை. அவன் நேரத்துக்கும் நானே நிற்கிறேன்" என்றாள் மஞ்சள்காலி.

மரத்தின் மேலிருந்து நெடுவாலி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தைப் பார்ப்பதுதான் அவள் வேலை என்றாலும், தூரத்தில் ஒன்றும் இல்லாதபோது அவள் பார்வை கீழே வரும்.

முன்பெல்லாம் மஞ்சள்காலி காவல் நேரத்தில் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். "அக்கா, அந்தக் காட்டுப்பன்றி சேற்றில் புரண்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் முழிப்பதைப் பாருங்கள்" என்பாள். நாலு அடி ஓடுவாள், நிற்பாள், குனிந்து ஒரு பூச்சியைக் கொத்துவாள், மறுபடி ஓடுவாள். இப்போது பேச்சு நின்றுவிட்டது. மேட்டின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஓடுவாள். அங்கிருந்து திரும்பி ஓடுவாள். பொழுது சாயும்வரை அதே ஓட்டம்தான். மூன்றாம் நாள் ஒரு வெட்டுக்கிளி பறந்து வந்து அவள் காலடியிலேயே உட்கார்ந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

 நெடுவாலி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்து, "என்னம்மா, சாப்பிடவில்லையா?" என்று கேட்டாள்.

"பசி இல்லை அக்கா."

"ராத்திரியாவது தூங்கினாயா?"

"எனக்கு ஒன்றுமில்லை அக்கா. நீங்கள் மேலே போங்கள். தூரத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை." பேசும்போதும் அவள் கண் புல்லை விட்டு நகரவில்லை. பிறகு, "வேண்டுமானால் மதியத்தில் நீங்கள் போய் இலை தின்றுவிட்டு வாருங்கள். நான் எல்லாப் பக்கமும் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

மடுவுக்கு அந்தப் பக்கம் ஓர் அத்திமரம் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கோடையில் அப்படி ஒரு மரம் கிடைப்பது அரிது. நெடுவாலி போனாள். வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்தாள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள்.

'அவளே ஒன்றுமில்லை என்கிறாள். நான் ஏன் கிளற வேண்டும்?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கிளறினால் மதியத்து அத்திப்பழம் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஐந்தாம் நாள், காற்றில் ஒரு சருகு உருண்டதற்கு மஞ்சள்காலி தொண்டை கிழியக் கத்தினாள். மான்கள் தண்ணீர் குடிக்காமலே ஓடின. சருகு என்று தெரிந்த பிறகு யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனால் அவள் அந்தச் சருகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு அவள் கத்துவதே இல்லை. ஓடுவதும் நின்றுபோயிற்று. மேட்டின் நடுவில் ஒரே இடத்தில் அசையாமல் நின்றாள். அவள் மார்பில் ஓரிடத்தில் இறகே இல்லை. அவளே பிடுங்கிப் போட்டிருந்தாள். பிடுங்கிய இறகுகள் சரளைக் கற்களுக்கு நடுவில் கிடந்தன.

கடம்பன் தண்ணீர் குடிக்க வந்தபோது அவளைப் பார்த்தார். அவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

"காவல் என்றால் இப்படி நிற்க வேண்டும். கல் போல நிற்கிறாள், பாருங்கள். காலையிலிருந்து மாலை வரை ஒரு வார்த்தை இல்லை, ஒரு அசைவு இல்லை. எல்லோரும் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார்.

மிருகங்கள் எல்லாம் தலையாட்டின. மரத்தின் மேலிருந்த நெடுவாலி மட்டும் தலையாட்டவில்லை. மஞ்சள்காலியின் இறகு கிடப்பதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தாள். எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலை காற்றே இல்லை. சில்வண்டுகள்கூடச் சத்தம் போடவில்லை. புள்ளிமான் கூட்டம் ஒவ்வொன்றாகக் கரையிறங்கித் தண்ணீரில் வாய் வைத்தது. நெடுவாலி மரத்தின் உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். மேற்கில் ஒன்றுமில்லை. தெற்கில் ஒன்றுமில்லை. ஓடைத் தடத்தில் ஒன்றுமில்லை.

ஆனாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. அவள் கீழே பார்த்தாள்.

மஞ்சள்காலி ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தாள். அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அலகு லேசாகத் திறந்திருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

நெடுவாலி அவள் கண் போன திசையில் பார்த்தாள். புல். மறுபடி பார்த்தாள். புல்தான். மூன்றாவது தடவை பார்த்தபோது, காய்ந்த புல்லின் மஞ்சளுக்கு நடுவில் வேறொரு மஞ்சள் இருந்தது. அதில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அது சரளை மேட்டிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

மஞ்சள்காலி சிறுத்தையைப் பார்த்துவிட்டாள். பார்த்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. பார்த்தபடியே நின்றுகொண்டிருக்கிறாள்.

 ஒரு கணம் நெடுவாலிக்கும் குரல் எழும்பவில்லை. பிறகு கிளையை இரண்டு கையாலும் உலுக்கிக்கொண்டு, "கெக் கெக் கெக்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

மான்கள் சிதறின. நீர் தெறித்தது. சிறுத்தை பாய்ந்தது. ஆனால் பாய்ச்சல் ஒரு நொடி பிந்திப்போயிற்று. கடைசி மானின் வால் கரைமேட்டுக்கு அப்பால் மறைந்தது.

பசியோடு காத்திருந்த சிறுத்தைக்குக் கோபம். அது திரும்பியது. மேட்டின் மேல் ஒரு பறவை அதே இடத்தில், அதே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

"பறந்துவிடு" என்று மேலிருந்து நெடுவாலி கத்தினாள். "மஞ்சள்காலி, பறந்துவிடு. உனக்கு இறக்கை இருக்கிறது."

மஞ்சள்காலியின் காதில் எதுவும் விழவில்லை. சிறுத்தை ஓர் அடி வைத்தது. பிறகு இன்னோர் அடி. அவசரப்படவே இல்லை.

தரையில் இறங்கிய மந்தி சிறுத்தைக்கு மானை விட எளிய இரை. நெடுவாலிக்கு அது பிறந்த நாளிலிருந்தே தெரியும். அவளுடைய தாய் அவளுக்கு முதலில் சொல்லித் தந்ததே அதுதான். கிளையைப் பிடித்திருந்த கைகள் விட மறுத்தன. அப்போது அவளுக்கு அத்திமரத்தின் ஞாபகம் வந்தது. இவள் வெயிலில் நின்றிருந்த அத்தனை மதியங்களிலும் தான் அந்த நிழலில் உட்கார்ந்து தின்றது ஞாபகம் வந்தது.

பக்கத்தில் ஒரு பட்டுப்போன கிளை இருந்தது. நெடுவாலி அதன்மேல் முழு எடையோடும் குதித்தாள். கிளை முறிந்து, பெரும் சத்தத்தோடு சிறுத்தையின் முன்னால் போய் விழுந்தது. அது திடுக்கிட்டுப் பின்னால் தாவியது. அந்த இடைவெளியில் அவள் தரையில் குதித்து, மேட்டுக்கு ஓடி, மஞ்சள்காலியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

மரத்தில் ஒரு கையாலும் இரண்டு காலாலும் ஏறினாள். கீழே நகங்கள் மரப்பட்டையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. சிறுத்தையும் ஏறியது. வாலில் சுரீர் என்று ஒரு வலி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்லிய கிளை, அதைவிட மெல்லிய கிளை என்று நுனிவரைக்கும் போய்விட்டாள். அங்கே இருவரும் தொங்கிக்கொண்டு ஆடினார்கள். சிறுத்தை ஒரு பாதத்தைக் கிளையில் வைத்துப் பார்த்தது. கிளை வளைந்தது. அது பாதத்தை எடுத்துக்கொண்டது. வெகுநேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு இறங்கி, புல்லுக்குள் போயிற்று.

நெடுவாலியின் கைக்குள் ஒரு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அது தன்னுடையதா அவளுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அக்கா" என்றாள் மஞ்சள்காலி. "நான் பார்த்தேன்."

"தெரியும்."

"முதலிலேயே பார்த்துவிட்டேன். கத்தத்தான் நினைத்தேன். கத்தினால் யாராவது நின்று திரும்பிப் பார்ப்பார்களோ என்று..." அவள் நிறுத்தினாள். "அன்றைக்கு அந்தக் குட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது அக்கா. நான் இரண்டாவது தடவை கத்தினேன். அந்தச் சத்தத்தில்தான் அது நின்றது. நான் சும்மா இருந்திருந்தால் அது ஓடியிருக்கும். கண்ணை மூடினால் அது திரும்பிப் பார்க்கிறது. அதனால் கண்ணை மூடுவதே இல்லை."

"ஒன்பது நாளாகவா?"

 நெடுவாலி 'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்லி அவள் வாயை அடைக்கவில்லை. அவளைக் கையிலிருந்து விடவும் இல்லை. கிளை ஆடி நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். மஞ்சள்காலி இன்னும் கொஞ்சம் பேசினாள். அதே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நெடுவாலி ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள்.

ஆபத்து விலகியதும் மிருகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நெடுவாலி மஞ்சள்காலியை அணைத்தபடியே மரத்தடிக்கு இறங்கினாள். கடம்பன் முன்னால் வந்து நின்றார். அவர் மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"மான்கள் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே நின்றாளாமே" என்றார். "பத்தடி தூரத்தில் சிறுத்தை. வாயைத் திறக்கவில்லை. இப்படிப்பட்டவளை நம்பி எத்தனை உயிர் தண்ணீர் குடிக்கிறது. இன்றோடு இவளுக்குக் காவல் இல்லை. இந்த மடுப்பக்கமே வரக் கூடாது."

மஞ்சள்காலி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்காகவே காத்திருந்தவள் போல இருந்தாள்.

"அனுப்புவதானால் முதலில் என்னை அனுப்புங்கள்" என்றாள் நெடுவாலி.

"நீதானே எல்லோரையும் காப்பாற்றினாய்?"

"அவள் சாப்பிடாததை ஆறு நாளைக்கு முன்னாலேயே பார்த்தேன். அவள் இறகைப் பிடுங்கிப் போட்டதைப் பார்த்தேன். ஒரு தடவை கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். எனக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது. அவளைக் காவலுக்கு விட்டுவிட்டு அத்திப்பழம் தின்னப் போனேன்." அவள் கடம்பனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் பார்த்தீர்கள் அண்ணா. அவள் கல் போல நின்றதை எல்லோருக்கும் காட்டினீர்கள். உயிருள்ள ஒன்று ஏன் கல்லாகிப்போயிற்று என்று நாம் யாரும் கேட்கவில்லை."

"எனக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லவில்லையே" என்றார் கடம்பன். ஆனால் இந்தத் தடவை அவர் குரல் இறங்கியிருந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு புள்ளிமான் முன்னால் வந்தாள். குட்டியைப் பறிகொடுத்த தாய். அவள் மேட்டருகே போகாமல் இத்தனை நாளும் மடுவின் மறுகரையில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு மஞ்சள்காலியின் முகத்தை அவள் பார்த்ததில்லை. மஞ்சள்காலியும் அவளைப் பார்த்ததில்லை.

"அவள் உன்னிடம் என்ன சொன்னாள்?" என்று நெடுவாலியைக் கேட்டாள்.

நெடுவாலி மஞ்சள்காலியைப் பார்த்தாள். அவள் மெல்லத் தலையசைத்த பிறகு சொன்னாள்.

 தாய்மான் மஞ்சள்காலியின் பக்கம் திரும்பினாள். "என் குட்டி உன் சத்தத்துக்கு நிற்கவில்லை. நான் வழி மாறி இடது பக்கமாக ஓடிவிட்டேன். என்னைக் காணாமல்தான் நின்று தேடியது. இது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. நீ பாட்டுக்குக் காவல் நின்றாய். நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நினைத்தேன்."

மஞ்சள்காலி அப்போதுதான் அழுதாள். கீச்சுக் கீச்சென்று, குஞ்சு அழுவதைப் போல அழுதாள். தாய்மான் அவளருகில் மண்டி போட்டு அமர்ந்துகொண்டாள்.

கடம்பன் தொண்டையைச் செருமினார். "சரி, அவள் எங்கும் போக வேண்டாம். ஆனால் மேட்டில் யாராவது நின்றாக வேண்டுமே. யார் நிற்பது?"

 கௌதாரி தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

"இன்றைக்கு நான் நிற்கிறேன். மரத்துக்கு என் தங்கை வருவாள்" என்றாள் நெடுவாலி. "நாளைக் காலை கௌதாரி. நாளை மதியம் நீங்கள். யாரும் அரைப் பொழுதுக்கு மேல் நிற்க வேண்டாம். இறங்குகிறவர் போவதற்கு முன்னால், ஏறுகிறவர் அவர் சாப்பிட்டாரா தூங்கினாரா என்று கேட்டுவிட்டு ஏறட்டும்."

கடம்பன் அந்த மேட்டில் ஒருநாளும் நின்றதில்லை. அவர் மேட்டைப் பார்த்தார். பிறகு அதற்கு அப்பால் இருந்த புல்லைப் பார்த்தார். "நாளை மதியம் நான் வருகிறேன்" என்றார்.

வெயில் சாயும் நேரத்தில் மான்கள் மறுபடி கரையிறங்கின. காயம்பட்ட வாலைச் சுருட்டிக்கொண்டு நெடுவாலி சரளை மேட்டில் ஏறி நின்றாள். 

மரத்திலிருந்து பார்க்கும்போது அந்தப் புல் ஒரு விரிப்பு போலக் கீழே கிடக்கும். இங்கே அது சுவராக நின்றது. அதற்குள் எதுவும் தெரியவில்லை. ஒரு புல் தாள் அசைந்தது. அதைப் பார்ப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று அசைந்தது. காற்றா, வேறா என்று அவளால் சொல்ல முடியவில்லை.  மான்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மூன்று தடவை மரத்துக்கு ஓடிவிடத் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் ஒரு சரளைக் கல்லைக் கால்விரலால் இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள்.

'இந்த இடத்தில் ஒன்பது நாள்' என்று நினைத்தாள்.

எங்கோ புல்லுக்கு அப்பால் ஓர் உறுமல் கேட்டது. மான்கள் தலை தூக்கின. நெடுவாலி திரும்பிப் பார்த்தாள். மருத மரத்தடியில், தாய்மானின் வயிற்றோரமாக ஒண்டிக்கொண்டு, தலையை முதுகு இறகுக்குள் புதைத்து மஞ்சள்காலி தூங்கிக்கொண்டிருந்தாள். உறுமல் அவளை எழுப்பவில்லை. நெடுவாலியும் எழுப்பவில்லை.

அவள் முகத்தைப் புல்லின் பக்கம் திருப்பிக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. நின்றாள்.

நீதி: உடன் உழைப்பவர் வாடியிருப்பது கண்ணில் பட்டால், "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதே, அருகில் இருந்து கேள், அவர் சுமையில் பாதியை வாங்கிக்கொள்.